மனநிலை: நன்று

ஆகஸ்ட் 4, திங்கள்

பி.டி. சார் கொடுத்த நோட்டுக் கட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். இதற்கு யாரும் டிக் போட வேண்டாம். திட்டித் தீர்க்க எனக்கு ஓர் இடம் வேண்டும், இல்லாவிட்டால் யார் மண்டையிலாவது என் பூப்பந்து பேட்டை இறக்கிவிடுவேன்.

முதலில் மற்ற நோட்டுகளைத் திட்டுகிறேன். போன மாதம் செமினார் ஹாலில் ‘விளையாட்டு வீரர்களின் மனநலம்’ என்று ஒரு கூட்டம் நடத்தினார்கள். பேனர் ஸ்டாண்டு உடைந்து போயிருந்ததால் பூப்பந்து டீமை வரச்சொல்லி பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார்கள். ‘மனம் விட்டுப் பேசுங்கள், நாங்கள் இருக்கிறோம்’ என்று அதில் எழுதியிருந்தது. காலையில் பத்து ரவுண்டு ஓடிவிட்டு வந்து நாற்பது நிமிடம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பேச வந்தவர் எங்களை ஒரு தடவைகூட உட்காரச் சொல்லவில்லை.

மறுநாள் ஆளுக்கு ஒரு நோட்டு வந்தது. தினமும் எழுத வேண்டும்: எழுந்த நேரம், தூக்கம், எடை, மனநிலை. சனிக்கிழமை சாரிடம் கொடுத்தால் அவர் டிக் போடுவார். எல்லாம் செப்டம்பரில் கல்லூரிக்குத் தரம் போட வரப்போகிற கமிட்டிக்குக் காட்டத்தான். முதல் வாரம் மோனிஷா மனநிலைக் கட்டத்தில் ‘வீட்டு ஞாபகம், அழுகை வருகிறது’ என்று எழுதிவிட்டாள். சார் அதை மைதானத்தில் எல்லா டீமையும் நிற்க வைத்துப் படித்துக் காட்டினார்.

“மேடத்துக்கு அழுகாச்சியா வருதாம். யாராச்சும் போயி தொட்டில ஆட்டி விடுங்கப்பா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் மோனிஷா ரிசர்வுக்குப் போனாள், அவள் இடத்துக்கு இரண்டாம் வருடம் ஜெசிந்தா வந்தாள். அன்றிலிருந்து எல்லா நோட்டிலும் ‘நன்று’தான். எல்லாம் நன்று என்பதால் சாரும் படிப்பதை விட்டுவிட்டார். வெறும் டிக்.

ஐந்து பேர் ஆட்டம், ஐந்து நோட்டு. வாங்கி, சரிபார்த்து, கட்டிக் கொடுப்பது கேப்டன் வேலை. கேப்டன் நான், தவச்செல்வி, மூன்றாம் வருடம் பி.காம். இன்று கோர்ட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டதும் நான்தான். அதுவும் கேப்டன் வேலையாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மெஸ்ஸுக்குப் பால் கொண்டுவரும் வண்டி நாலே காலுக்கே வந்து கேன்களை உருட்டுகிறது. விடுதியில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே அந்த ஆளுக்குக் கிடையாது. காலையில் வார்டனிடம் போய்ப் புகார் சொன்னேன். “உனக்கு மட்டும் எப்படிம்மா கேக்குது?” என்றார். மற்றவர்களுக்குக் காது கேட்காவிட்டால் நான் என்ன செய்ய?

ஜெசி இன்றும் பிராக்டிசுக்கு லேட். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. எங்கள் சென்டர் அவள்தான். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், நடுவில் ஒருத்தி. நடுவில் ஆள் இல்லாமல் எதை ஆடுவது? எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

“எந்திரிக்க முடியலக்கா.”

“அலாரம் வைடி.”

“அலாரத்துக்கு முன்னாடியே முழிச்சுத்தான்க்கா கெடக்கேன். எந்திரிக்கத்தான் முடியல.”

பத்து ரவுண்டு ஓடச் சொன்னேன். ஓடினாள். எட்டாவது ரவுண்டில் போதும் வா என்றேன், கேட்காத மாதிரி பத்தையும் முடித்துவிட்டுத்தான் வந்தாள். திமிர்.

ஆகஸ்ட் 9, சனி

ஐந்து நோட்டையும் சரிபார்த்துக் கொடுத்தேன். ஜெசி நோட்டில் கொஞ்சம் திருத்தம் இருந்தது. சார் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஐந்துக்கும் டிக் போட்டுவிட்டார்.

அக்கவுண்ட்ஸ் ரெக்கார்டுக்காக ஒயிட்னர் வாங்கினேன்.

ஆகஸ்ட் 13, புதன்

ஜெர்சி துவைக்கும் முறை யாழினியுடையது. ஆனால் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். ஐந்து ஜெர்சியையும் நான் துவைத்தேன். காய்ச்சல்காரி மத்தியானம் மெஸ்ஸில் என் முட்டையையும் சேர்த்துச் சாப்பிட்டாள். எனக்கு இப்போதெல்லாம் முட்டையைப் பார்த்தாலே பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

யாழினி ஜெசியின் ரூம்மேட். அவள் சொன்னது:

“அக்கா, ஜெசி குழாயத் தொறந்து விட்டுட்டு பாத்ரூமுக்குள்ளயே உக்காந்துருக்காக்கா. ஒரு மணி நேரம். வெளிய வந்தா தலை நனைஞ்சே இருக்காது.”

“என்னன்னு கேட்டியா?”

“கேட்டேன். தண்ணி சத்தம் நல்லாருக்குங்குறா.”

எனக்கு இதைக் கேட்டு எரிச்சல்தான் வந்தது. கல்லூரிகளுக்கு இடையேயான ஜோன் போட்டிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. பைனலுக்கு மட்டும்தான் பல்கலைக்கழக அணித் தேர்வாளர்கள் வருவார்கள். அந்த அணியில் எனக்கு இடம் கிடைத்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப்போட முடியும். மூன்றாம் வருடம், இதுதான் கடைசி வாய்ப்பு. அப்பா போன் பண்ணினால் சாப்பிட்டியா என்றுகூடக் கேட்பதில்லை. “செலெக்சன் என்னாச்சு?” இந்த நேரம் பார்த்து இவளுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

நோட்டு கொடுத்தாயிற்று. ஐந்திலும் நன்று.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று எழுதும்போது பேனா பேப்பரைக் கிழிக்கிறது.

ஜெசி நேற்று பிராக்டிசில் மூன்று பந்தைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அதனால் இன்று அவளைக் கல்லூரிக் கவுன்சிலிங் ரூமுக்குக் கூட்டிப் போனேன். ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று பேனர் பிடித்தோமே, இருக்கிறார்களா என்று பார்ப்போம்.

ரூம் பிரின்சிபால் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாசலில் ஒரு மேஜை, மேஜையில் ஒரு ரிஜிஸ்டர். பெயர், டிபார்ட்மென்ட், ரிஜிஸ்டர் நம்பர், வந்த காரணம், துறைத் தலைவர் கையெழுத்து. பக்கத்து ஜன்னலில் ஸ்காலர்ஷிப் பாரம் கொடுக்க முப்பது பேர் நிற்கிறார்கள். அத்தனை பேரும் எட்டிப் பார்க்க, இவள் குனிந்து காரணம் எழுத வேண்டும். ஜெசி பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் பிடுங்கி ‘தலைவலி’ என்று எழுதினேன். அட்டெண்டர் அண்ணன், “தலவலிக்கு இங்க எதுக்கும்மா, முதலுதவிக்குப் போங்க” என்றார். நான் பார்த்த பார்வையில் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே சுகுணா மேடம், கணக்கு டிபார்ட்மென்ட். கவுன்சிலிங் அவருக்குக் கூடுதல் பொறுப்பு. இன்டர்னல் மார்க் ஏற்றிக்கொண்டிருந்தார். தூங்காதது, எழுந்திருக்க முடியாதது எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன்.

“ஸ்போர்ட்ஸ் பொண்ணுக்கு என்னம்மா டிப்ரஷன்? ஓடியாடுற உடம்பு. எங்கள மாதிரி உக்காந்தே கெடக்குறவங்களுக்கு வந்தாலாச்சும் அர்த்தம் இருக்கு.”

மேடம் மூச்சுப்பயிற்சி பற்றி ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார். மூச்சாம். முப்பத்தைந்து பாயின்ட் மூன்று செட் ஆடுகிறவளுக்கு இவர் மூச்சு விடச் சொல்லித் தருகிறார்.

கிளம்பும்போது அவரே என்னை மட்டும் நிறுத்தினார். குரல் மாறியிருந்தது.

“தவச்செல்வி, எனக்கு மூணு நாள் டிரெய்னிங்தாம்மா குடுத்தாங்க. ஏதாவது தப்பா சொல்லிட்டா என்ன ஆகுமோன்னு எனக்கே பயமாருக்கு. பெரியாஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, திங்களும் வியாழனும் பாப்பாங்க. அங்க கூட்டிட்டுப் போ. பிரின்சிபால்கிட்ட மட்டும் பெர்மிஷன் வாங்கிரு.”

அதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? இருந்தாலும் அந்த ஒரு நிமிடம் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

வியாழக்கிழமை பிராக்டிஸ் மேட்ச். அடுத்த திங்கள் டீம் லிஸ்ட் போடுகிறார்கள். அதற்கு அடுத்த வியாழன் ஜோன். படியில் இறங்கும்போது சொன்னேன்: “ஜோன் முடியட்டும்டி. முடிஞ்ச மறுவாரமே நானே கூட்டிட்டுப் போறேன்.”

“சரிக்கா.”

சரி என்றுதானே சொன்னாள்.

ஆகஸ்ட் 23, சனி

ஜெசி ஏன் இப்படி எழுதித் தொலைக்கிறாள்? மோனிஷாவுக்கு என்ன நடந்தது என்று தெரியாதா? தூக்கத்துக்கு ஏழு, மனநிலைக்கு நன்று. இதை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? நான் என் நோட்டில் பத்து வினாடியில் எழுதுகிறேன். இவள் கட்டத்துக்கு வெளியே போய் நான்கு வரி எழுதியிருக்கிறாள். நான்கு வரிக்கு எவ்வளவு ஒயிட்னர் ஆகிறது என்று யாருக்காவது தெரியுமா? இரண்டு கோட் அடித்து, ஊதி ஊதிக் காயவைத்து, அதன்மேல் அவள் கையெழுத்து மாதிரியே எழுத வேண்டும்.

நான் இவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். நன்றியெல்லாம் வேண்டாம். நேரத்துக்கு வந்தால் போதும்.

பால் வண்டி 3.50.

ஆகஸ்ட் 28, வியாழன்

தோற்றுவிட்டோம்.

செமி பைனல், மூன்றாவது செட். நாங்கள் 32, அவர்கள் 30. இன்னும் மூன்று பாயின்ட் எடுத்தால் பைனல். ஜெசி சர்வீஸ். நடுவர் ஆடச் சொல்லிவிட்டார். இவள் மஞ்சள் பந்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறாள், பார்க்கிறாள். ஓரத்திலிருந்து சார் கத்தினார்: “ஏய், போடு.” நடுவர் எச்சரித்தார். நான் பக்கத்தில் போய், “ஜெசி, சும்மா தட்டி விடு, நாங்க பாத்துக்குறோம்” என்றேன்.

அவள் குனிந்தாள். நான் போட்ட கோடு மாதிரியே நேராக இருந்த வெள்ளைக் கோட்டின்மேல் பந்தை வைத்தாள். பக்கத்தில் பேட்டை வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள். பிறகு வெளியே நடந்து போய் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மோனிஷாவை இறக்கினார்கள். ஒரு மாதமாகக் கோர்ட்டில் கால் வைக்காதவள் என்ன செய்வாள், பாவம். 32–35.

வேனில் சார் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே பேசிக்கொண்டு வந்தார். “பதினெட்டு வருஷ சர்வீஸ்ல ஒருத்தி இப்படி என்னைய அசிங்கப்படுத்துனதில்ல.” ஜெசி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நானும் அவளிடம் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அப்பாவின் போனை எடுக்கவில்லை. ஏழு தடவை. பால் வண்டி 3.20. அந்த ஆள் தூங்குவதே இல்லையா?

ஆகஸ்ட் 30, சனி

மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் ஜெர்சியைக் காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். துணிக்கொடிகளைத் தாண்டி, கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஜெசி நின்றுகொண்டிருந்தாள். செருப்பு இல்லை. அந்தத் தரையில் ஒரு நிமிடம் வெறுங்காலோடு நிற்க முடியாது.

“இங்க என்னடி பண்ற?”

“துணி எடுக்க வந்தேன்க்கா.”

கொடியில் ஒரு துணிகூட இல்லை.

வாளியைப் போட்டுவிட்டு ஓடி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். இழுத்து வந்து தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார வைத்தேன். அவள் திமிறவில்லை. என் நகம் பதிந்து அவள் கையில் நான்கு பிறை விழுந்திருந்தது. இந்த இடத்தில் ஒரு நல்ல பெண் என்றால் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருப்பாள். நான் திட்டினேன். அரை மணி நேரம் வாய்க்கு வந்தபடி திட்டினேன், லேட்டாக வந்தது, பத்து ரவுண்டு, பாத்ரூம் குழாய், 32–30, எல்லாம். தொண்டை கட்டியதும் நிறுத்தினேன்.

“நிறுத்தாதீங்கக்கா. திட்டிட்டே இருங்க” என்றாள்.

வார்டனிடம் சொன்னேன். வார்டன் சாரிடம் சொன்னார். சார், ஜெசியின் அம்மாவை வரச்சொல்லிப் போன் பண்ணினார். ராத்திரி அவளை என் அறைக்குக் கொண்டுவந்து, கதவை ஒட்டி என் பாயைப் போட்டுக்கொண்டேன். இந்த வாரம் நோட்டு யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

பிரின்சிபால் அறை. பிரின்சிபால், பி.டி. சார், வார்டன், ஜெசியின் அம்மா சவேரியம்மாள், ஜெசி. நான் சாட்சி.

அம்மா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறார். நைட் ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருந்தார், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“எம்புள்ள வீட்ல இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு சார். இங்க வந்துதான் ஏதோ ஆயிருச்சு.”

சாருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. பீரோவைத் திறந்து ஜெசியின் நோட்டை எடுத்து மேஜையில் விரித்தார்.

“இங்க பாருங்கம்மா. ஒங்க பொண்ணு அவ கைப்பட எழுதுனது. தூக்கம் ஏழு மணி நேரம். மனநிலை நன்று. இந்த வாரம் நன்று. அடுத்த வாரமும் நன்று. நாங்க கேக்காம இல்ல, வாராவாரம் கேட்டுருக்கோம். இவளுக்கு ஒரு நோவும் இல்ல. தோத்துருவோம்னு பயந்து ஓடுனா, இப்ப அதுக்கு நாடகம் போடுறா.”

அவர் கட்டைவிரல் ஒயிட்னர் மேலேயே இருந்தது. தடிப்பாக, சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி. விரலுக்கு அடியில் உறுத்தக்கூடவா இல்லை?

அம்மா நோட்டைப் பார்த்தார். பிறகு ஜெசியைப் பார்த்தார். “நீ எழுதுனதாடி இது?”

ஜெசி என்னைப் பார்த்தாள். ஒரு வினாடிதான். பிறகு, “ஆமாம்மா” என்றாள்.

ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட் ரத்து, விடுதியிலிருந்து நீக்கம். புதன்கிழமை கடிதம் தயாராகும், வாங்கிக்கொண்டு கூட்டிப் போங்கள் என்றார் பிரின்சிபால். அதுவரை தாயும் மகளும் விடுதியில் தங்கிக்கொள்ளலாமாம், பெரிய மனசு. அம்மா நைட் ஷிப்டுக்குப் போனால் அந்த வீட்டில் ஜெசி தனியாகத்தான் இருப்பாள். அதை அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் சார் என் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட மாட்டார். மூன்று வருடச் சர்டிபிகேட்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஒழுங்காக எழுதுகிறேன். ஒரு தடவையாவது.

ஆகஸ்ட் 9: ஜெசி எழுதியது, ‘தூக்கம் 2 மணி. மனநிலை: தெரியவில்லை.’ நான் ஏழு ஆக்கினேன், நன்று ஆக்கினேன். ரெக்கார்டுக்கு என்று சொன்னேனே, அந்த ஒயிட்னர் ரெக்கார்டில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.

ஆகஸ்ட் 16: ‘எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை.’ நன்று.

ஆகஸ்ட் 23: ‘நான் இல்லாவிட்டால் மோனிஷா அக்கா டீமுக்கு வந்துவிடுவார். அவர் நன்றாக ஆடுவார். யாருக்கும் கஷ்டம் இருக்காது. இதைப் படிப்பவர் என்னிடம் ஒரு தடவை கேட்கவும்.’

கடைசி வரியைத்தான் முதலில் அழித்தேன்.

அவளைக் காப்பாற்ற என்று எழுதியிருக்கிறேன். பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்குச் சென்டர் வேண்டும். சென்டர் இல்லாமல் பைனல் இல்லை, பைனல் இல்லாமல் செலெக்சன் இல்லை. ஒரு மாதமாக எல்லோர் மேலும் கோபப்பட்டேன். சார் மேல், மேடம் மேல், பால் வண்டிக்காரர் மேல்கூட. ஒயிட்னரைக் கையில் வைத்திருந்தவளை மட்டும் விட்டுவிட்டேன்.

வேனில் சொன்னதையும் எழுதுகிறேன். “இதுக்கு நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்.” அதைச் சொன்ன மூன்றாம் நாள் அவள் வெறுங்காலோடு மாடியில் நின்றாள்.

செப்டம்பர் 3, புதன்

காலை ஒன்பதரைக்குப் பிரின்சிபால் அறைக்குப் போனேன். கடிதத்தில் கையெழுத்துப் போட சார் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார். நோட்டு மேஜையிலேயே கிடந்தது. கேட்காமல் எடுத்தேன்.

ஆகஸ்ட் 23 பக்கத்தைத் திருப்பி, பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். ஜெசி பால்பாயிண்டை அழுத்தி எழுதுகிறவள். ஒயிட்னர் முன்பக்கத்தைத்தான் மூடும். பின்னால் ஒவ்வோர் எழுத்தும் புடைத்து, இடவலமாகத் திரும்பி நின்றது.

“படிங்க சார்” என்றேன். யாரும் நகரவில்லை. நானே படித்தேன். நான்கு வரி. மைதானத்தில் அவர் மோனிஷாவின் வரியைப் படித்த அதே சத்தத்தில் படித்தேன்.

“இது மேல நன்றுன்னு எழுதுனது நான். மூணு வாரமா எழுதுனேன். அவ கையெழுத்து மாதிரி நானே போட்டேன்.”

சார் எழுந்துவிட்டார். “எங்கிட்ட ஏன் சொல்லல? கேப்டனாம் கேப்டன். ஏமாத்துக்காரி. நீ ஒழுங்கா குடுத்திருந்தா நான் படிச்சிருக்க மாட்டேனா?”

“படிச்சிருந்தா ஒயிட்னர் தெரிஞ்சிருக்கும் சார்.”

இன்னும் சொன்னேன். மோனிஷா எழுதியதைப் படித்துக் காட்டி நீங்கள் சிரித்தீர்கள், நாங்களும் சிரித்தோம், அன்றைக்கே எல்லா நோட்டும் பொய்யாகிவிட்டது என்றேன். அவர் நோட்டை வாங்கி வெளிச்சத்தில் அவரே பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. அதற்காக எனக்கு இரக்கமெல்லாம் வரவில்லை, வர வைத்துக்கொள்ளவும் இல்லை.

பிரின்சிபாலுக்குப் புரிந்தது வேறு. பத்து நாளில் கமிட்டி வருகிறது, அவர்கள் பார்க்கப்போகும் கோப்பில் இந்த நோட்டு இருக்கிறது. கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். “சீட் இருக்கட்டும். பொண்ண ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, எத்தன நாள் வேணாலும் லீவு எடுத்துக்கட்டும்” என்றார். இரக்கத்தில் கிடைக்காத பெர்மிஷன் பயத்தில் கிடைத்தது. கிடைத்தது போதும். நோட்டைத் திருப்பிக் கேட்டார். கொடுக்கவில்லை. டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன்.

எனக்குக் கேப்டன் பதவி போனது. சர்டிபிகேட் பற்றிச் சார் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விடுதிக்கு வந்து ஜெசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அம்மா பக்கத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

“தெரியும்க்கா” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நீங்கதான் அழிக்கிறீங்கன்னு மொத வாரமே தெரியும்.”

“தெரிஞ்சும் எதுக்குடி மறுபடி மறுபடி எழுதுன? சாரு பாத்திருந்தா?”

“சாரு படிக்க மாட்டாருன்னு எல்லாருக்கும் தெரியும்லக்கா. நீங்கதான படிப்பீங்க. ஒங்களுக்குத்தான் எழுதுனேன்.”



செப்டம்பர் 4, வியாழன்

பெரியாஸ்பத்திரி. ஏழரை மணி பஸ்ஸில் நான், ஜெசி, அவள் அம்மா. மனநலப் பிரிவு பின்பக்கக் கட்டடத்தில். நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூட யூனிபாரத்தில் ஒரு பையன், கைக்குழந்தையோடு ஒரு பெண், பேப்பர் படித்துக்கொண்டு ஒரு பெரியவர், எல்லோரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரிதான் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே ரிஜிஸ்டரில் காரணம் எழுதச் சொல்லவில்லை. பெயரும் வயதும் போதும்.

லேடி டாக்டர். ஜெசியை மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். அரை மணி நேரம். எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த சவேரியம்மாள் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

“நான் படிச்சவ இல்ல, எனக்குத் தெரியல. நீ படிச்ச புள்ளதான. ஏம்மா அழிச்ச?”

ஒரு பதிலும் சரியாக இருக்காது. அவரே, “மாடில நீதான புடிச்ச” என்றார்.

பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். ஜெசி அழுதிருந்தாள். ஆனாலும் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், அவள் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்து எத்தனையோ நாள் ஆகிறது. டாக்டர் அந்த நான்கு வரியை வெளிச்சத்தில் பார்த்தார். மாத்திரை, அடுத்த வியாழன் மறுபடி வர வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக்கூடாது என்றார். இது நோய், நாடகம் இல்லை என்று அம்மாவுக்குப் புரிகிற மாதிரி இரண்டு தடவை சொன்னார். அந்த வார்த்தையைப் பேனரில் எழுதி யாராவது எங்கள் மைதானத்தில் கட்டினால் நானே பிடித்துக்கொண்டு நிற்பேன்.

கடைசியாக என்னைப் பார்த்தார். “நீங்கதான் கூடவே இருக்கப் போறீங்களா? நீங்க எப்படி இருக்கீங்க? தூக்கமெல்லாம் நல்லா வருதா?”

“ஏழு மணி நேரம் மேடம். நல்லாருக்கேன்.”

பத்து வினாடிகூட ஆகவில்லை. வாயில் தயாராக இருந்தது. டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த சீட்டை எடுக்கப் போனார்.

“மேடம்” என்றாள் ஜெசி. “எங்க ஹாஸ்டலுக்குப் பால் வண்டி எத்தன மணிக்கு வருதுன்னு அவங்ககிட்ட கேளுங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். சவேரியம்மாளும் பார்த்தார். எனக்கு ஜெசி மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

“மூணு இருபதுக்கு” என்றேன். “நேத்து மூணு பத்து.”

“எத்தன நாளா முழிச்சிருந்து கேக்குறீங்க?”

“ஜூலையிலேருந்து.”

போய் எனக்கும் ஒரு சீட்டுப் போட்டு வரச் சொன்னார். ஜெசி என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வரிசை வாசல்வரை நின்றது, நாற்பது நிமிடம் ஆனது. கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார், “பேஷன்ட் யாரு?”

நான்தான் என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.